ஞாயிறை இடம் மாற்றிய பின் சரியான பயணத் திட்டம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், வாட்டர்சே தீவிலிருந்து லூயிஸ் தீவின் வடமுனை வரை செல்லும் ஹெப்ரிடியன் வே சைக்கிள் பாதை ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீளமுடையது. மே மாதப் பயணத்துக்காக, நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று தூரத்தை மட்டும் கணக்கிட்டு நான் போட்ட முதல் திட்டம் தவறானது. புதன்கிழமை புறப்பட்டால் ஞாயிறன்று ஹாரிஸில் இருப்பேன். ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் அத்தீவில் அன்று பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை என்பதைக் காலந்தாழ்த்தியே அறிந்தேன்.

எனவே ஓபன் துறைமுகத்திலிருந்து பாரா தீவுக்குச் செல்லும் கப்பலைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். ஞாயிறு, ஓய்வுநாள் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையாக இல்லாத, கத்தோலிக்கர் மிகுந்த தென் தீவுகளிலேயே கழிந்தது. ஆயினும் பையில் இரண்டு நாளுக்கான ஓட்ஸும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தேன், அது வீண்போகவில்லை.

அடுத்த சிக்கல் பெர்னரே தீவிலிருந்து ஹாரிஸுக்குக் கடக்கும் ஒரு மணி நேரக் கப்பல். பாறைகளும் மணல்திட்டுகளும் நிறைந்த ஆழமற்ற நீரிணையில் அது மிதவைகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்வதால், ஓதத்தை, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை, பொறுத்து நேரம் மாறும். அன்றைய சைக்கிள் தூரத்தை முப்பது கிலோமீட்டராகக் குறைத்து, கப்பல் நேரத்தை முதலில் எழுதி, மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்தேன்.

வசந்தத்தில் வடகாற்றும் எதிர்ப்படக்கூடும் என்பதால், கிளிஷம் மலையடி ஏற்றத்துக்கு முன்பு ஒரு நாளைக் காலியாக விட்டேன். அந்த நாள் முழுவதும் காற்று அடங்கவில்லை. மறுநாள் காலையில்தான் ஏறினேன்.