ஊசி மருந்துக்குக் காப்பீட்டு முன் அனுமதி: மும்பைத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி எனப் பரவி வாழும் நம்மவர் பலரிடம் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆனால், விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிக்குப் பணம் கட்டாமல் கேஷ்லெஸ் முறையில் சிகிச்சை பெற முன் அனுமதி தேவை என்பது, மருத்துவர் அந்த மருந்தை எழுதிய பிறகே தெரியவருகிறது.

முன் அனுமதிப் படிவம் மருத்துவமனையின் டிபிஏ மேசையின் (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் இடைநிலை நிறுவனத்துக்கான மேசை) வேலை என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப், ஹெர்2 பாசிட்டிவ் (புற்றுச் செல்களில் ஹெர்2 என்ற புரதம் அதிகம்) என்று பரிசோதனையில் உறுதியானவர்களுக்கே தரப்படுகிறது. படிவத்தில் ‘கீமோதெரபி’ என்று மட்டும் எழுதி, அந்தப் பரிசோதனை அறிக்கையை இணைக்காமல் அனுப்பினால், அனுமதிக்குப் பதில் கேள்விதான் திரும்பி வரும். கோரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் எனக் காப்பீட்டுத் துறை ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் விதித்திருந்தாலும், அரைகுறைப் படிவத்துக்கு அந்த விதி கைகொடுப்பதில்லை.

ஒருமுறை கிடைத்த அனுமதி எல்லா ஊசிகளுக்கும் செல்லும் என்று நம்புவதும் தவறு. ஒவ்வொரு மருத்துவமனைச் சேர்க்கைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். டிராஸ்டுசுமாப்பை மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும் முறையில், முதல் ஊசி உடல் எடையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம், அடுத்தவை 6 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதலில் 480 மில்லிகிராம், பிறகு 360. பழைய மதிப்பீட்டையே நகலெடுத்து அனுப்பினால் கணக்கு உதைக்கும். ஆகவே மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது ஊசி என்பவற்றை அனுப்புமுன் நீங்களே படித்துப் பார்ப்பது நல்லது.

காப்பீட்டுத் தொகை 5 லட்சம் என்பதால் ஊசிக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். டிராஸ்டுசுமாப் போன்ற மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி, வாய்வழி கீமோதெரபி போன்ற நவீன சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2019இல் வந்த ஐஆர்டிஏஐ நெறிமுறை சொன்னாலும், அவற்றுக்குத் தனி உச்சவரம்பு வைக்க இடம் கொடுத்தது. அந்த வரம்பு பாலிசிப் பத்திரத்தின் உள்பக்கங்களில்தான் இருக்கும். முகவர் வாய்திறந்து சொல்வது அபூர்வம்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து ரசீதுகளைத் தொலைப்பவர்களும் உண்டு. மருந்துச்சீட்டு, பேட்ச் எண்ணுள்ள பில், டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றின் அசல்களுடன் ரீஇம்பர்ஸ்மென்ட், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதையும் மறுத்தால், முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும்; அந்தப் புகாரை நிராகரித்தால், அல்லது 30 நாளில் பதில் வராவிட்டால், உங்கள் பகுதிக்குரிய காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை ஏற்கும் அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.