மெண்டிகன்ட்: அகராதியை மட்டும் நம்பினால் வரும் தவறுகள்

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: “13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பிச்சைக்காரர்கள் இறையியல் பாடம் நடத்தினார்கள்.” மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ‘மெண்டிகன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதில் பிச்சைக்காரர் என்றுதான் இருக்கும். ஆனால் அங்கே பாடம் நடத்தியவர்கள் தாமஸ் அக்குவினாஸ் போன்ற கத்தோலிக்கத் துறவிகள்!

அதற்கு முன்பிருந்த ஐரோப்பிய மடங்கள் பலவற்றுக்கு நிலபுலம் உண்டு. துறவிகள் மடத்துக்குள்ளேயே வாழ்ந்தார்கள். பிரான்சிஸ் அசிசியும் தொமினிக்கும் தொடங்கிய சபைகள் வேறு மாதிரி. சொத்து வேண்டாம், மக்கள் கொடுப்பதை உண்போம், ஊர் ஊராகப் போய்ப் போதிப்போம் என்று அவர்கள் கிளம்பினார்கள். இந்தச் சபைகளைத்தான் மெண்டிகன்ட் சபைகள் என்கிறோம். தமிழில் ‘இரந்துண்ணும் துறவியர்’ என்றால் சரியாக இருக்கும். வறுமை இவர்கள் தாங்களே ஏற்ற விரதம். வேறு வழியில்லாமல் கையேந்துபவரோடு இவர்களை ஒன்றாக்கினால் இரண்டு பேருக்கும் நியாயம் செய்ததாகாது. நம்மிடமே பாருங்கள்: பிட்சு, பிச்சை இரண்டும் ஒரே வேரில் பிறந்தவைதான். அதற்காகப் புத்த பிட்சுவை யாரும் பிச்சைக்காரர் என்று எழுதுவதில்லை. கோயிலில் கபாலம் ஏந்தி நிற்கும் பிட்சாடனரையும் அப்படிச் சொல்ல நமக்கு நா எழாது.

அப்புறம், வேர்ச்சொல். பழுது பார்ப்பதைக் குறிக்கும் ‘மெண்ட்’ என்பதிலிருந்து இது வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது நேர்வழி அல்ல. லத்தீனில் ‘மெண்டா’ என்றால் குறை. உடற்குறை உள்ளவரைக் குறித்துப் பிறகு இரப்பவரைக் குறித்த ‘மெண்டிகஸ்’ ஒரு கிளை என்பார்கள். மெண்டிகன்ட் அதன் வழி வந்தது. குறையை நீக்கு என்ற பொருளுள்ள ‘எமெண்டாரே’ இன்னொரு கிளை. ‘அமெண்ட்’, ‘மெண்ட்’ எல்லாம் அங்கிருந்து வந்தவை. குறையும் குறைதீர்ப்பதும் ஒரே வேரில் நிற்பது எனக்கு எப்போதும் வியப்பு.

பொய் பேசுவதைக் குறிக்கும் ‘மெண்டேசியஸ்’ என்ற சொல்லோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘மெடிசின்’ போன்ற மருந்துச் சொற்களை நினைத்துக்கொண்டு, நடுவில் வரும் ‘ண்’ ஒலியை விட்டு ‘மெடிகன்ட்’ என்று எழுதிவிடுவதும் நடக்கிறது.

இந்தச் சொல்லைப் பிச்சை என்றே பெயர்க்க வேண்டிய இடமும் உண்டு. ஆங்கிலேய அரசுக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்த காங்கிரஸ் மிதவாதிகளின் வழியைத் திலகர் அணியினர் ‘அரசியல் மெண்டிகன்சி’ என்று சாடினார்கள். அங்கே ‘அரசியல் பிச்சை’ என்று பச்சையாகவே எழுதுங்கள். துறவு, யாசகம் என்று மென்மையாக்கினால் அவர்கள் கோபமே காணாமல் போய்விடும்.