ஸ்டெர்லிங் என்றால் வெள்ளியா, பணமா, பாராட்டா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லை மூன்று இடங்களில் அடிக்கடி பார்க்கலாம். நகைக்கடைப் பலகையில் அது வெள்ளி. பொருளாதாரச் செய்தியில் அது பிரிட்டன் நாட்டுப் பணம். பணி ஓய்வு விழாப் பேச்சிலோ பரிந்துரைக் கடிதத்திலோ வந்தால் அது பாராட்டு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இதில் தடுமாறுவதற்குக் காரணம், ஓரிடத்தில் கற்ற பொருளை மற்ற இரண்டு இடங்களுக்கும் தூக்கிக்கொண்டு போவதுதான்.

மூன்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே. சோதித்துப் பார்த்தாகிவிட்டது, சொன்ன தரத்தில் நிற்கிறது, நம்பி வாங்கலாம். 'கலப்பே இல்லாதது' என்ற பொருளும் இதில் இல்லை, 'கண்ணைப் பறிப்பது' என்ற பொருளும் இல்லை. இந்த இரண்டையும் சொல்லுக்குள் ஏற்றிப் பார்ப்பதால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

சுத்த வெள்ளி இல்லை

'ஸ்டெர்லிங் சில்வர்' என்பதைத் 'தூய வெள்ளி' என்று எழுதுவதுதான் முதல் தவறு. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. இதுதான் ஸ்டெர்லிங். கலப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. அதில் மோதிரம் செய்தால் சீக்கிரம் வளையும், கரண்டி செய்தால் நெளியும். செம்பு சேர்த்தால்தான் உறுதி வரும்.

நம் ஊர்க் கடைகளில் இதை யாரும் ஸ்டெர்லிங் என்று கேட்பதில்லை. '92.5 இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். கடைக்காரர் 'டச்' கணக்கில் பேசுவார். உரைகல்லில் தேய்த்துத் தரம் பார்த்த காலத்துச் சொல் அது. 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. அந்தக் கணக்கில் ஸ்டெர்லிங் 92.5 டச். மோதிரத்தின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், 925 என்று பொடி எழுத்தில் குத்தியிருக்கும். அமெரிக்காவில் செய்த பழைய பொருட்களில் எண்ணுக்குப் பதிலாக ஸ்டெர்லிங் என்ற சொல்லையே முழுதாகக் குத்தியிருப்பார்கள். அதைச் செய்தவர் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது.

ஸ்டெர்லிங்தான் ஆக உயர்ந்த தரம் என்ற நினைப்பும் சரியில்லை. இங்கிலாந்திலேயே அதைவிட உயர்ந்த தரம் ஒன்று சட்டத்தால் கட்டாயமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வெள்ளிக் காசுகளின் ஓரத்தைச் சுரண்டுவதும், காசையே உருக்கித் தட்டும் கோப்பையும் செய்வதும் பெருகிவிட்டன. காசும் தட்டும் ஒரே தரம் என்பதால் உருக்கி வார்த்தால் வேலை முடிந்தது. அதைத் தடுக்க 1697இல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு மட்டும் தரத்தை உயர்த்தினார்கள். ஆயிரத்துக்கு 958 பங்குக்கும் சற்று மேல், பெயர் பிரிட்டானியா. 1720இல் மறுபடி ஸ்டெர்லிங்கையும் அனுமதித்தார்கள். அந்த இருபத்துச் சொச்ச ஆண்டுகளில் செய்த பாத்திரங்களைப் பற்றி எழுதும்போது 'ஸ்டெர்லிங் வெள்ளிப் பாத்திரம்' என்றால் காலமும் தரமும் பொருந்தாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வழுக்கல் உண்டு. நம் வீடுகளில் 'சில்வர் தட்டு', 'சில்வர் டம்ளர்' என்றால் எவர்சில்வர்தான், துருப்பிடிக்காத எஃகு. ஆங்கிலக் கதையில் ஒரு பாட்டி விருந்தாளிகளுக்காகப் பூட்டிவைத்த ஸ்டெர்லிங் கரண்டிகளை எடுத்துவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதை 'சில்வர் கரண்டி' என்று தமிழாக்கினால் வாசகர் மனத்தில் எஃகுக் கரண்டி வந்து நிற்கும். அந்த வீட்டின் செல்வமும் அந்த மரியாதையும் காணாமல் போகும். 'வெள்ளிக் கரண்டி' என்றே எழுத வேண்டும். அமெரிக்க எழுத்தில் 'சில்வர்' என்ற சொல்லும் இல்லாமல் வெறும் ஸ்டெர்லிங் என்றே வீட்டு வெள்ளிச் சாமான்களைக் குறிப்பதும் உண்டு. அங்கே பணம் என்று எடுத்துக்கொண்டால் கதையே மாறிவிடும்.

அப்புறம், ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. 'சில்வர் பிளேட்டட்' என்றால் வேறு உலோகத்துக்கு மேல் வெள்ளி முலாம். இந்த இரண்டும் ஸ்டெர்லிங் ஆகாது. 'ஸ்டெர்லிங் கோல்டு' என்று தங்கத்துக்கு ஒரு தரமும் இல்லை, தங்கத்தின் அளவுகோல் காரட். ஸ்டெர்லிங் கறுத்தால் அது போலி என்று முடிவுகட்டுவதும் தவறுதான். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் நல்ல வெள்ளியும் கறுக்கும்.

பணத்தின் பெயர் வேறு, அலகின் பெயர் வேறு

பிரிட்டன் நாணயத்தின் பெயர் ஸ்டெர்லிங். அதை எண்ணும் அலகு பவுண்ட். ஆங்கில வாக்கியம் அமைப்பதில் நம்மவர்கள் செய்யும் பிழைகள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுவதால் வருபவை. ஸ்டெர்லிங் எண்ணக்கூடிய பெயர் அல்ல. 'ஐந்நூறு ஸ்டெர்லிங்ஸ்' என்று சொல்ல முடியாது. 'ஃபைவ் ஹன்ட்ரட் பவுண்ட்ஸ் ஸ்டெர்லிங்' என்பதே சரி. பன்மை விகுதி பவுண்டில் ஏறும், ஸ்டெர்லிங்கில் ஏறாது. 'பவுண்ட் ஸ்டெர்லிங்ஸ்' என்று எழுதினால் படித்தவுடன் உறுத்தும். கட்டணத்தை எந்தப் பணத்தில் செலுத்தலாம் என்று கேட்டால் 'இன் ஸ்டெர்லிங்' என்று பதில் சொன்னால் போதும்.

'த' என்ற சுட்டையும் கவனியுங்கள். 'த பவுண்ட் ஃபெல்' என்று பவுண்டுக்கு முன்னால் 'த' வரும். 'ஸ்டெர்லிங் ஃபெல்' என்பதற்கு முன்னால் வராது. நிதிச் செய்திகளில் ஒரே பத்தியில் இரண்டும் மாறி மாறி வரும். சொல்வது ஒரே பணத்தைப் பற்றித்தான், வாக்கிய அமைப்பு மட்டும் வேறு.

அன்றாடப் பேச்சுக்கு ஸ்டெர்லிங் தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் கடையில் 'டென் பவுண்ட்ஸ் ஸ்டெர்லிங்' என்று யாரும் கேட்பதில்லை. 'டென் பவுண்ட்ஸ்' போதும். எகிப்து, லெபனான், சிரியா, சூடான், தென் சூடான் ஆகிய நாடுகளின் பணத்துக்கும் பவுண்ட் என்றுதான் பெயர். அதனால் ஒப்பந்தம், வங்கிப் படிவம், நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகம் என்று குழப்பம் வரக்கூடிய இடத்தில்தான் ஸ்டெர்லிங் வந்து உட்காரும்.

தமிழாக்கத்தில் குழப்பம் இன்னும் கூடும். 'பவுண்ட்' என்ற அதே சொல்தான் நம் வாயில் 'பவுன்' ஆனது. ஆனால் இன்று பவுன் என்றால் எட்டு கிராம் தங்கம். வழி இதுதான். ஒரு பவுண்ட் ஸ்டெர்லிங் மதிப்புள்ள தங்கக் காசு சாவரின், அதன் எடை எட்டு கிராமுக்குச் சற்றே குறைவு. காசின் பெயர் எடையின் பெயராக நம்மிடம் தங்கிவிட்டது. ஆகவே பிரிட்டிஷ் பணத்தைப் 'பவுன்' என்று எழுதினால் இன்றைய வாசகர் தங்கம் என்றே படிப்பார். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்காக எழுதும்போது இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். அங்கே 'வெள்ளி' என்பதே பணத்தின் பெயர், 'பத்து வெள்ளி' என்றால் பத்து டாலர் அல்லது பத்து ரிங்கிட். ஸ்டெர்லிங் சரிந்தது என்ற செய்தியை 'வெள்ளி சரிந்தது' என்று தமிழாக்கினால் சென்னை வாசகருக்கு வெள்ளி விலை குறைந்தது போலவும், சிங்கப்பூர் வாசகருக்குத் தன் நாட்டுப் பணமே விழுந்தது போலவும் தோன்றும். பிரிட்டிஷ் பவுண்ட் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

இந்தியப் பொருளாதார வரலாறு படிக்கும் மாணவர்கள் 'ஸ்டெர்லிங் பேலன்ஸஸ்' என்ற தொடரை வெள்ளிக் கையிருப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் இந்தியாவிடமிருந்து பொருட்களையும் சேவைகளையும் பெற்றுக்கொண்டு, அதற்கான தொகையை லண்டனில் இந்தியாவின் கணக்கில் பவுண்டுகளாக எழுதிவைத்தது. போர் முடிந்தபோது அது நூறு கோடி பவுண்டுக்கு மேல். பஞ்சமும் விலையேற்றமும் தாங்கிய மக்களின் உழைப்பு அந்தக் கணக்கில் இருக்கிறது. அதை ஏதோ உலோகக் குவியல் என்று புரிந்துகொண்டால், கடன்பட்டவர் யார், கடன் கொடுத்தவர் யார் என்ற அந்தக் காலத்து வாதமே விளங்காது.

பவுண்ட் ஸ்டெர்லிங் என்பது ஒரு பவுண்ட் எடையுள்ள வெள்ளியைக் குறிக்கிறது என்ற விளக்கமும் சுற்றுகிறது. தொடக்கத்தில் உறவு உண்டு. ஒரு பவுண்ட் எடை வெள்ளியில் 240 பென்னி அடிப்பது அன்றைய கணக்கு. 1971 பிப்ரவரி 15 அன்று தசம முறைக்கு மாறும்வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்றே இருந்ததும் அதனால்தான். ஆனால் காசிலிருந்த வெள்ளியை 1920இல் பாதியாகக் குறைத்தார்கள், 1947இல் செம்பும் நிக்கலும் கலந்த காசுக்கு மாறிவிட்டார்கள். இன்றைய பவுண்டின் மதிப்புக்கும் வெள்ளி விலைக்கும் தொடர்பில்லை.

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அச்சிடுகின்றன. வடிவம் வேறாக இருந்தாலும் அதுவும் ஸ்டெர்லிங்தான், தனி நாணயம் இல்லை. அயர்லாந்துக் குடியரசில் புழங்குவது யூரோ, வட அயர்லாந்தில் ஸ்டெர்லிங்.

பாராட்டும்போது

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. 'ஸ்டெர்லிங் ஜாப்', 'ஸ்டெர்லிங் சர்வீஸ்', 'ஸ்டெர்லிங் கேரக்டர்', 'ஸ்டெர்லிங் ரெப்யுடேஷன்' என்றெல்லாம் வரும். வெறும் 'நன்று' என்று இதைப் படித்துவிட்டுப் போவது ஒரு தவறு, 'பிரமாதம்' என்று ஊதிப் பெருக்குவது எதிர்ப்பக்கத் தவறு. முப்பது ஆண்டுகள் ஒரே நூலகத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவரின் சேவை ஸ்டெர்லிங். ஒரே இரவில் புகழின் உச்சிக்குப் போன பாடகரின் நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டெல்லர்' என்ற வேறு சொல் இருக்கிறது. அது நட்சத்திரப் பிரகாசம். ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறோம். 'ஸ்டார்லிங்' மூன்றாவது, அது மைனா இனத்துப் பறவை.

எதற்கெல்லாம் பொருந்தும் என்று பார்த்தால் உழைப்பு, ஒழுக்கம், பெயர், முயற்சி. சாப்பாடு, வானிலை, புடவை ஆகியவற்றுக்கு 'ஸ்டெர்லிங்' போட்டால் ஒட்டாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவதுதான் இதன் இயல்பான இடம். 'ஷி டிட் எ ஸ்டெர்லிங் ஜாப்' என்பது சரளமாக இருக்கிறது, 'ஹெர் ஜாப் வாஸ் ஸ்டெர்லிங்' என்பது தட்டுகிறது. 'வெரி ஸ்டெர்லிங்' என்பதும் 'மோர் ஸ்டெர்லிங்' என்பதும் வேண்டாம். 925 முத்திரை இருக்கும், அல்லது இருக்காது, அதில் கூடுதல் குறைவு இல்லை. எதிர்மறையில் மட்டும் 'லெஸ் தேன் ஸ்டெர்லிங்' என்ற வழக்கு உண்டு, பெயர் அவ்வளவு நன்றாக இல்லை என்பதை நாசூக்காகச் சொல்ல.

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் 'மை ஸ்டெர்லிங் குவாலிட்டீஸ்' என்று எழுதவே எழுதாதீர்கள். தரம் பார்த்து முத்திரை குத்துவது அடுத்தவர் வேலை. உங்களைப் பற்றி உங்கள் பழைய மேலாளர் எழுதும்போதுதான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

தமிழில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. குணத்தைச் சொல்லும்போது 'பத்தரைமாற்றுத் தங்கம்', 'சொக்கத் தங்கம்' என்பவை கச்சிதம். ஆங்கிலம் வெள்ளியை வைத்துச் சொன்னதை நாம் தங்கத்தை வைத்துச் சொல்கிறோம், இரண்டிலும் மாற்றுப் பார்த்த பிறகு வரும் நம்பிக்கைதான். ஆனால் எல்லா இடத்திலும் தங்கத்தைக் கொட்ட வேண்டியதில்லை. கோல்கீப்பரின் 'ஸ்டெர்லிங்' ஆட்டத்தை 'கடைசிவரை அசராமல் தடுத்தார்' என்றால் போதும். அலுவலகப் பணி என்றால் 'குறை சொல்ல முடியாத வேலை' என்பது பக்கத்தில் வருகிறது.

சொல் வந்த கதையும், எழுத்து மாறும் பெயர்களும்

பால்டிக் பக்கத்து வணிகர்களை 'ஈஸ்டர்லிங்' என்று அழைத்தார்கள், அதிலிருந்துதான் ஸ்டெர்லிங் வந்தது என்ற கதையை முடிந்த முடிவு போல எழுத வேண்டாம். பழைய நார்மன் பென்னியில் இருந்த சின்ன நட்சத்திரத்தால் 'குட்டி நட்சத்திரம்' என்ற பொருளில் வந்தது என்பதே பல அகராதிகள் ஏற்கும் விளக்கம். அதற்கும் மறுப்பு உண்டு. எது எழுதினாலும் 'என்று கருதப்படுகிறது' என்று சேர்த்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியக் குடியேற்றக் காலத்து எழுத்தில் மனிதர்களையே ஸ்டெர்லிங் என்று குறிப்பிட்டிருப்பார்கள். பிரிட்டனில் பிறந்து வந்தவர் ஸ்டெர்லிங், குடியேற்றத்திலேயே பிறந்தவர் 'கரன்சி'. பணமாகப் படித்தால் வாக்கியம் புரியாது.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்து வித்தியாசத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது, ஸ்டிர்லிங். எஸ், டி-க்கு அடுத்து 'இ' வந்தால் நாம் இதுவரை பேசிய சொல். 'ஐ' வந்தால் ஸ்காட்லாந்து நகரம், அதன் பல்கலைக்கழகம், ராபர்ட் ஸ்டிர்லிங் 1816இல் காப்புரிமை கேட்ட வெப்ப எந்திரம், எண்ணியல் முறைகள் பாடத்தில் வரும் ஜேம்ஸ் ஸ்டிர்லிங்கின் இடைச்செருகல் சூத்திரம். இரண்டும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிப்பதால் தேர்வுத் தாளிலும் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் எளிதில் மாறிவிடும். பிழைதிருத்தும் மென்பொருளும் உதவாது, அதற்கு இரண்டுமே சரியான சொற்கள். நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோடு 'இ' எழுத்துக்காரர்.