ஈத்துக்கு 11 குட்டி வந்தால் பயப்படுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஆய்வக எலி வளர்க்கும் வீட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். பால்ப்-சி வெள்ளை எலிக் கூண்டு ஒன்றில் ஒரே ஈத்தில் 11 குட்டி. அந்த வம்சம் வழக்கமாக 5 போடும், மிஞ்சினால் 6. எனக்குத் தலைகால் புரியவில்லை. போன மாதம்தான் தீனியை மாற்றியிருந்தேன், அதன் பலன் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கு வேலை பழக்கிய சாட்ஸ்வொர்த்துப் பெரியவர் (எல்லாருக்கும் அவர் 'அங்கிள்'தான், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நாலாம் தலைமுறை) மூடியைத் தூக்கித் தாயை ஒரு நிமிஷம் பார்த்தார். "இவ அப்பன் யாரும்மா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

கூண்டு அட்டைகளைப் புரட்டியதில் விஷயம் வெளியே வந்தது. மூன்று மாதம் முன்னால் கூண்டு மாற்றும்போது இரண்டு ஆண்கள் தரையில் குதித்தன. ஒன்று பால்ப்-சி, மற்றது பக்கத்து அடுக்கில் இருந்த சுவிஸ் எலி. இரண்டும் வெள்ளை. பிடித்துப் போட்டது நான்தான். மாற்றிப் போட்டிருக்கிறேன். அதில் பிறந்த பெண்தான் இந்தத் தாய். கலப்பில் பிறந்தவள், அதனால் தெம்பும் அதிகம், குட்டியும் அதிகம். அந்தக் கிளையில் இருந்த 14 கூண்டையும் ஒழிக்க வேண்டியதாயிற்று.

சுத்த வம்சம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. கூடப் பிறந்த அண்ணன் தங்கையையே 20 தலைமுறைக்கு மேல் விடாமல் சேர்த்து வந்தால், மரபணுவில் 98.6 சதவீதத்துக்கு மேல் ஒரே அச்சு. அத்தை மகளைக் கட்டுகிறவனுக்கு, பிள்ளையின் மரபணு ஜோடி ஒன்றில் இரண்டும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியாக அமைய டாக்டர் சொல்லும் கணக்கு 16-ல் 1. கூடப் பிறந்ததுகள் சேர்ந்தால் 4-ல் 1. அதையே இருபது தடவை செய்கிறோம். அப்படி வந்த எலி கொஞ்சம் சோப்ளாங்கியாகத்தான் இருக்கும். திடீரென்று கொழுகொழு என்று ஆனால், எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள்.

இனி வேலைக்கு வருவோம். 6 முதல் 8 வாரத்தில் ஜோடி சேருங்கள், ஒரே ஈத்தில் பிறந்த ஆணும் பெண்ணும். முதல் ஈத்தில் இருந்து எடுக்காமல் இரண்டாவது, மூன்றாவதில் இருந்து எடுப்பது என் வழக்கம். தாய் ஒழுங்காக வளர்ப்பாளா என்று அதற்குள் தெரிந்துவிடும். பெரிய குட்டி, அழகான குட்டி என்று பொறுக்காதீர்கள். வம்சத்தின் சராசரி எதுவோ அது போதும். சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஈன்ற அதே நாளிலேயே தாய் மறுபடி பருவத்துக்கு வருவாள், ஆணைக் கூடவே விட்டிருந்தால் அடுத்த ஈத்து மூன்று வாரத்தில் கையில். அதனால் 21-ஆம் நாள் குட்டிகளைப் பிரித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் புதுக் குட்டிகளைப் பழையது மிதித்துவிடும்.

பிரிக்கும் அன்று ஆண் பெண் பார்ப்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். வாலைத் தூக்கி, மலத்துவாரத்துக்கும் குறிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஆணுக்கு அது பெண்ணைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு. ஒரே குட்டியைத் தனியாகப் பார்த்துச் சொல்லாதீர்கள். இரண்டை இரண்டு கையில் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் விளக்கடிக்குக் கொண்டு போங்கள்.

ஜோடி சேர்த்து இரண்டு மாதம் ஆகியும் குட்டி இல்லையென்றால் ஜோடியை மாற்றுங்கள். ஆணை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பெண் அப்போதுதான் சினையாகியிருந்தால், புது ஆணின் வாசனையிலேயே கருவைக் கலைத்துவிடக்கூடும். அதோடு அண்ணன் தங்கை என்ற கணக்கும் போய்விடும்.

வம்ச மரத்தின் கிளைகளை வெட்டுவது பற்றிச் சொல்லவேண்டும், இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு ஜோடியில் இருந்து மூன்று நான்கு கிளை வைத்துக்கொள்வோம், ஒன்று நின்றுபோனால் மற்றது இருக்குமே என்று. நியாயம்தான். ஆனால் அந்தக் கிளைகளைப் பத்து தலைமுறை தனித்தனியாக ஓடவிட்டால், ஒவ்வொன்றிலும் தானாக வரும் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து, பெயர் ஒன்று எலி இரண்டு என்று ஆகிவிடும். கறுப்பு எலி சி57பிஎல்/6-க்கு இதுதான் நடந்தது. 1951-இல், எலி வம்சங்களை வளர்த்துக் கொடுக்கும் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் இருந்து ஒரு பங்கு அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. இன்று 'ஜே' என்று முடிவதில் இன்சுலின் சுரப்பைத் தொடும் ஒரு மரபணு பழுது, 'என்' என்று முடிவதில் விழித்திரையைக் கெடுக்கும் வேறொரு பழுது. கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. அட்டையில் அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டு எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆகவே ஐந்து தலைமுறைக்கு ஒரு தடவை ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு மற்ற கிளைகளை நிறுத்திவிடுங்கள். உங்கள் வீட்டு எலி எல்லாமே அந்த அடிப்படை ஜோடியின் வழிவந்ததாக இருக்கவேண்டும்.

டர்பனுக்கு என்று தனி உபத்திரவங்கள் உண்டு. தைப்பூசக் காவடி நேரத்தில் புழுக்கம் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டாம். தீனி மூட்டையில் பூஞ்சை பிடித்துவிடும், சின்ன மூட்டையாக வாங்குங்கள். மின்வெட்டுதான் அதைவிட மோசம். 2023-இல் நாங்கள் பட்ட பாடு! ஜெனரேட்டர் ஓடினால் காற்றோட்டம் தப்பிக்கும். ஆனால் ஜெனரேட்டரில் சேராத, விளக்கை ஏற்றி அணைக்கும் முள் சுற்றும் பழைய டைமர், கரண்ட் போகும்போது நின்று, வந்ததும் நின்ற இடத்தில் இருந்தே ஓடும். இரண்டு மணி நேர வெட்டு நாலு தடவை வந்தால் விளக்கு எட்டு மணி நேரம் பின்தங்கிவிடும். பகலில் இருட்டு, ராத்திரி வெளிச்சம். குட்டி ஏன் குறைகிறது என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் டைமரைப் பார்த்தேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலை போய், அங்கிள் வேலைக்கு வர மூன்று நாள் ஆயிற்று. அன்றைக்கு முதல் அடிப்படை ஜோடியை இரண்டு கட்டடத்தில் வைக்கிறோம். முடிந்தால் கருக்களை உறையவைத்தும் வையுங்கள். 1947-இல் ஜாக்சன் ஆய்வகமே தீயில் போனபோது, முன்பு வெளியே அனுப்பியிருந்த எலிகளைத் திருப்பி வாங்கித்தான் வம்சங்களை மீட்டார்கள்.

தரையில் குதித்த எலி எதுவானாலும் திரும்பக் கூண்டுக்குப் போகாது. எங்கள் அறையில் இதற்கு விதிவிலக்கே இல்லை. ஒரே நிறத்து வம்சங்கள் இரண்டை ஒரே அறையில் வைக்காதீர்கள். சி57 கறுப்பும் பால்ப்-சி வெள்ளையும் பக்கத்தில் இருந்தால் தவறு நடந்தாலும் காட்டு எலி நிறத்தில் குட்டி பிறந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். ஆல்கஹால் அடித்துத் துடைக்கும்போது பேனா மை ஓடிவிடும். முழுப் பெயர், தலைமுறை எண், தாய் தகப்பன் கூண்டு எண், பிறந்த தேதி, எத்தனை குட்டி, எத்தனை பிழைத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அடிப்படை ஜோடியின் காதுத் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறேன். முடிவு வரும்வரை அந்தக் கூண்டில் சிவப்புச் சீட்டு தொங்கும், அதில் இருந்து ஒரு குட்டியும் வெளியே போகாது.