கோர் வேறு, சாக்கெட் வேறு: விண்டோஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

சில வருஷத்துக்கு முன்பு ஓர் ஆவணி மாதம். முகூர்த்தம் மேல் முகூர்த்தம். மதுரை சிம்மக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, ரெண்டு ஜியான் பிராசசர் போட்ட பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்கினேன். ரெண்டர் போட்டா பழைய மெஷின் மாதிரியே இழுக்குதுண்ணே." ரெண்டர் என்றால் எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை.

போய் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தேன். சாக்கெட் (பிராசசர் சிப் உட்காரும் இடம்) 1, கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) 8, லாஜிக்கல் பிராசசர் (விண்டோஸ் கணக்கில் வரும் பிராசசர்) 16. கேபினட் மூடியைக் கழற்றினால் உள்ளே சிப்பைக் குளிர்விக்கும் ஹீட்சிங்க் இரண்டு, அதாவது சிப்பும் இரண்டு. விண்டோஸ் என்னவென்று பார்த்தேன்: 10 ஹோம். ஒரு சிப்புக்குக் காசு கொடுத்துச் சும்மா உட்கார வைத்திருந்தார்.

ஹோம், ப்ரோ போன்ற விண்டோஸ் எடிஷன்கள் (பதிப்புகள்) முதலில் எண்ணுவது மதர்போர்டில் உட்காரும் சிப்பை, அதாவது சாக்கெட்டை. எக்ஸ்பி காலத்திலேயே ஹோமுக்கு 1, புரொஃபஷனலுக்கு 2. விண்டோஸ் 10, 11-லும் ஹோம் 1, ப்ரோ 2. வொர்க்ஸ்டேஷனுக்கென்றே தனியாக வரும் ப்ரோ 4 வரை போகும். லினக்ஸில் இந்த எடிஷன் தொல்லையே கிடையாது. ஆனால் அந்தத் தம்பியின் எடிட்டிங் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும்.

இதற்கு நேர்மாறான தவறைத்தான் டவுன்ஹால் ரோட்டில் அடிக்கடி கேட்கிறேன்: "எட்டு கோர் மெஷினுங்க, ப்ரோ போட்டாத்தான் முழுசா ஓடும்." இல்லை. எட்டு கோரும் ஒரே சிப்புக்குள் இருப்பதால் ஹோமே போதும். அது 64 கோர் வரை தாங்கும். வேறு கம்ப்யூட்டரிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வர வேண்டும், ஆபீஸ் டொமைனில் (எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) சேர்க்க வேண்டும் என்றால் ப்ரோ வாங்குங்கள். கோருக்காக வேண்டாம்.

அப்புறம் இந்த எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவி) வைத்தியம். பூட் பகுதியில் 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' டிக் போட்டால் வேகம் கூடும் என்று வீடியோ போடுகிறார்கள். அது சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைக்கும் வசதி. டிக் இல்லாமலே விண்டோஸ் தனக்கு அனுமதியுள்ள எல்லாக் கோரையும் எடுத்துக்கொள்ளும். நாலு என்று போட்டு ஓகே கொடுத்தால் நாலோடு நின்றுவிடும். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கம்ப்யூட்டர்) வைத்திருப்பவர்கள் நாலு சாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு கோர் என்று கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஹோம் இருந்தால் ஒன்றுதான் ஓடும். ஒரு சாக்கெட், நாலு கோர் என்று மாற்றினால் நாலும் வரும்.

சிம்மக்கல் தம்பி ஃபார்மட் அடிக்க வேண்டுமோ என்று பயந்தார். தேவைப்படவில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் ப்ரோ கீ போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் சாக்கெட் 2, கோர் 16, லாஜிக்கல் பிராசசர் 32. ரெண்டர் நேரம் பாதியாகவில்லை. எல்லா எஃபெக்ட்டும் எல்லாக் கோரையும் பயன்படுத்தாது. ஆனாலும் ஒரு ரெண்டர் ஓடும்போதே அடுத்த ஆல்பத்தை எடிட் செய்ய முடிந்தது.

இப்போது அதே மாதிரிப் பழைய ஜியான் வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய ஜியான்கள் பல, விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் இல்லை.