சவுண்ட் வேலை கற்றுக்கொள்ள குடோனில் தொடங்குங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கல்யாணம், ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பலருக்கு முதல் நாளே மிக்சர் (மைக், பாட்டு எல்லாவற்றின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற பெட்டி) முன்னால் நிற்க ஆசை. ஆனால் தொழில் பிடிபடுவது செட்டுக்காரர்கள் சாமான் வைக்கிற குடோனில்தான்.

1. ஆடியில் சேருங்கள். கல்யாண ஆர்டர் எடுக்கும் செட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் ஓய்வு. பழுது பார்க்கிற நேரம், பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்லித் தருவார்கள். (அம்மன் கோயில் மைக் செட்காரர்களுக்கு ஆடிதான் சீசன், அங்கே அப்போது போகாதீர்கள்.) ஆவணி பிறந்துவிட்டால் திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளன்று கோயிலிலும் மண்டபங்களிலும் வரிசையாகக் கல்யாணம். யாருக்கும் பேசக்கூட நேரம் இருக்காது.

பேட்டா, சாப்பாடு, வண்டிச் செலவு மூன்றையும் சேரும்போதே பேசிவிடுங்கள்.

2. கேபிள் சுற்றப் பழகுங்கள். முழங்கையில் சுற்றவே கூடாது. உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு, பிளக் பக்கத்தில் அறுந்துவிடும். ஒரு வட்டத்தைச் சாதாரணமாகப் போடுங்கள், அடுத்த வட்டத்துக்கு மணிக்கட்டை உள்பக்கம் திருப்பிப் போடுங்கள். இப்படி மாற்றி மாற்றிச் சுற்றிய கேபிள், ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கில்லாமல் நேராக ஓடும். கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடற்கரையில் வேலை முடித்து வந்தால், உப்புக்காற்று பட்ட பிளக்குகளை மறுநாளே துடைத்து வையுங்கள்.

3. சுவிட்ச் வரிசை. போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்) கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டொப்' என்று ஓர் அடி விழும், ஸ்பீக்கருக்குள்ளே சத்தம் எழுப்புகிற 'டிரைவர்' பாகம் கெட்டுப்போகலாம்.

4. ஸ்பீக்கர் வைக்கும் இடம். மைக் பிடிப்பவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். மைக்குக்குப் பின்னால் வைத்தால் 'கூ' என்று கத்தும்.

5. கரண்ட். ஸ்பீக்கரில் ஹம் (விடாத 'ம்ம்' இரைச்சல்) வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்றுபவர்கள் உண்டு. யார் சொன்னாலும் அதை மட்டும் செய்யாதீர்கள். எங்காவது கசிவு இருந்தால் மைக்கைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும், உயிர் போகிற விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் விடாமல், நனையாத இடத்தில் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். 18 வயது ஆகாதவர்கள் கரண்ட் வேலையில் கை வைக்க வேண்டாம், உயரத்திலும் ஏற வேண்டாம்.

6. நேரம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஒலி மாசு விதிகள் 2000-த்திலிருந்தே இருக்கின்றன. கல்யாண வீட்டாரிடம் இதை முன்பணம் வாங்கும்போதே எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அதுவும் தொழில்தான்.

சில கல்யாணங்கள் பார்த்தபின், "அண்ணே, இன்னிக்கு மைக் டெஸ்ட் நான் பண்ணட்டுமா?" என்று கேளுங்கள். கூட்டம் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.