சீசன் தொடங்குவதற்கு முன் கார்டில் ஒரு ஸ்விட்சை அணைத்து வையுங்கள்

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மே மாதம் வந்தால் மாடி அறையை வாடகைக்கு விடுவார். போன வருஷம் ஒருவன் போன் செய்து, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றிருக்கிறான். போட்டார், எட்டாயிரம் போய்விட்டது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, அனுப்பத்தான் பின். இதை வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கார்டு. தட்டினாலே பணம் போகும் கார்டுகளில் ரூ.5,000 வரை பின் கேட்காது. ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அது தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய், அந்த வசதியையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அணைத்துவிட்டு, ஆன்லைன் வரம்பையும் குறைத்து வையுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

நம் மலையில் இன்னொரு சிக்கல், சிக்னல். எஸ்டேட் பக்கம் போய்விட்டால் பணம் போன எஸ்எம்எஸ் சாயங்காலம்தான் வந்து சேரும். அதனால் கார்டை முடக்கும் வங்கி எண்ணையும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே பின்னைச் சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும்வரை போனது நம் தலையில்தான், அதற்குப் பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு அக்கா இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார்.